அம்மாவிடம் இயேசுவைப் பற்றிச் சொல்வது எப்படி

எங்கள் குடும்பத்துக்குச் சாஸ்தா குலதெய்வம். திருநெல்வேலிப் பக்கத்தில் பங்குனி உத்திரம் என்றால், எந்த ஊரில் வேலை பார்ப்பவர்களும் கிளம்பி வந்து தங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போய்விடுவார்கள். 1990இல் அந்த நாளுக்கு முந்தின ராத்திரி, அம்மா பொங்கலுக்கு அரிசியும் வெல்லமும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் நின்று, “நான் வரலம்மா. நான் ஞானஸ்நானம் எடுத்துட்டேன்” என்றேன். சிலை வணக்கத்தைக் கடுமையாகத் திட்டி அச்சடித்த ஒரு கைப்பிரதி கையில் இருந்தது. அதை அரிசிப் பையின் மேல் வைத்தேன்.

அம்மா கைப்பிரதியைப் பார்க்கவில்லை. பொட்டில்லாத என் நெற்றியைப் பார்த்தாள். அப்பா இறந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. “நான்தான் வைக்க முடியாது, உனக்கு என்னட்டி வந்துச்சு?” என்று கேட்டாள். பிறகு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பதினோரு வருஷம் அம்மா என்னிடம் என் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 2001இல் அவளாகவே கேட்டாள். அதை இந்தக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். இப்போது பணி ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் இருக்கிறேன். புதிதாக விசுவாசத்துக்கு வந்த பிள்ளைகள் சபையில் என்னைப் பார்த்து, “வீட்ல எப்படிச் சொல்றது டீச்சர்?” என்று கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதி நான் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

சொல்லும் நாள்

வீட்டாருக்கு உங்கள் வாயால்தான் முதலில் தெரியவேண்டும். நான் ஞானஸ்நானம் எடுத்த பிறகு சொன்னேன். அம்மாவை அதிகம் காயப்படுத்தியது அதுதான் என்று பிற்காலத்தில் தெரிந்தது. ‘என்னிடம் கேட்காமல்’ என்பதைவிட ‘என்னிடம் சொல்லாமல்’ என்பதுதான் அவளை அறுத்திருக்கிறது. நீங்கள் வேதம் வாசிக்க ஆரம்பித்த நாட்களிலேயே சொல்லுங்கள். சண்டை வந்தால் வரட்டும், ஒளித்து வைக்காதீர்கள்.

பண்டிகை நாள், திவச நாள், விருந்தாளி வந்திருக்கும் நாள் வேண்டாம். வேலை முடிந்து அம்மா உட்காரும் நேரம் ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும். எங்கள் வீட்டில் அது பூக்கட்டும் நேரம். நான் இன்று அந்தத் திண்ணைக்குப் போக முடியுமானால் இப்படித்தான் சொல்வேன்: “அம்மா, நான் இயேசுவை நம்ப ஆரம்பிச்சிருக்கேன். உன்னயும் தம்பியையும் விட்டுட்டுப் போகல. கோயில்ல என்னால கும்பிட முடியாது, மத்த எல்லாத்துக்கும் நான் இருக்கேன்.” அவ்வளவு போதும். அன்றைக்கே பரலோகம், நரகம், சிலை, சிலுவை எல்லாவற்றையும் பேசி முடிக்கவேண்டியதில்லை. அவர்களுக்கு அந்த ராத்திரி தெரியவேண்டியது ஒன்றுதான்: இவள் இன்னும் நம் பிள்ளையா?

கைப்பிரதி கொடுக்காதீர்கள். தெருவில் முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுப்பதற்கு அச்சடித்தது அது. பெற்ற தாயிடம் அதைக் கொடுத்தால், இவள் என்னோடு பேச விரும்பவில்லை, காகிதத்தை நீட்டுகிறாள் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வசனம் போடுவதும் இதே வகைதான்.

ஒரு பக்கம் எழுதுங்கள்

உங்களுக்கு நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இதைச் சாட்சி என்கிறோம். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர் தான் பார்த்ததைச் சொல்வார், சட்டப்புத்தகம் முழுவதையும் விளக்கமாட்டார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் பார்வை கிடைத்த குருடனை, யூதருக்குள் மதச் சட்டத்தைக் கடுமையாகப் பிடித்திருந்த பரிசேயர் மாற்றி மாற்றி விசாரிக்கிறார்கள். அவர்களுடைய கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், அது ஒன்றுதான் தெரியும் என்கிறான். நம் வீட்டுக் கூடத்தில் நமக்கும் அவ்வளவுதான் தேவை.

என்னுடைய பக்கம் இது. அப்பா 1988இல் மாரடைப்பில் போய்விட்டார். அவர் இருந்தவரை பொதுவாக இருந்த வீட்டைச் சித்தப்பா தன் பேருக்கு எழுதிக்கொண்டார். நான் அப்போது பி.எட். படிக்கப் பாளையங்கோட்டையில் விடுதியில் இருந்தேன். சித்தப்பாவை நினைத்து ராத்திரி தூங்கமாட்டேன். அவர் பிள்ளைகளுக்குக் கெட்டது நடக்கவேண்டும் என்று கும்பிட்டிருக்கிறேன். அறைத்தோழி தினமும் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபிப்பாள். ஒருநாள், “யாருக்காக இவ்வளவு நேரம்?” என்று கேட்டேன். “உனக்காகவும்தான்” என்றாள். அவளிடம் லூக்கா சுவிசேஷத்தை வாங்கி வாசித்தேன். சிலுவையில் அறைந்தவர்களுக்காகவே இயேசு மன்னிப்பு கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து அழுதேன். நான் மன்னிக்காமல் வைத்திருந்தது என்னையே தின்றுகொண்டிருந்தது என்று அன்று விளங்கியது. அவரிடம் கேட்டேன், கோபத்தை எடுத்துவிட்டார். இப்போது தூங்குகிறேன்.

இதைச் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். எழுதியதைக் கிறிஸ்தவர் அல்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் அவர் புருவம் சுருங்குகிறது என்று பாருங்கள். நம் சபைத் தமிழ் நமக்குப் பழகிவிட்டது. வெளியே இருப்பவர் காதில் அது வேறு மாதிரி விழுகிறது.

‘அபிஷேகம்’ என்றால் பக்கத்து வீட்டு மாமிக்குப் பாலும் பன்னீரும் நினைவுக்கு வரும். ‘பாவி’ என்பது நம் ஊரில் வசவு. நாம் எல்லாரும் பாவிகள் என்று நீங்கள் பணிவாகத்தான் சொல்வீர்கள், கேட்பவருக்கு அது கன்னத்தில் அறைந்ததுபோல இருக்கும். ‘நான் மனசறிஞ்சு செய்த கெடுதல்’ என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், அவர் தன்னைப் பற்றித் தானே நினைத்துக்கொள்வார். எல்லாவற்றையும்விட எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்தது ‘மறுபடியும் பிறத்தல்’. விசுவாசத்தில் புது வாழ்வு தொடங்குவதை நாம் அப்படிச் சொல்வோம். நான் மறுபடியும் பிறந்திருக்கிறேன் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். பெரியம்மா திருவாசகம் தினமும் ஓதுகிறவள். அமைதியாக, “நாங்க பிறவாமை வேணும்னு கேக்கோம், காரைக்கால் அம்மையாரும் அதத்தான் கேட்டா. நீ இன்னொரு பிறவிய வாங்கிட்டு வந்து சந்தோஷமா சொல்லுத?” என்றாள். எனக்கு வாயடைத்துவிட்டது. அவளுக்குப் பிறவி என்பது கட்டு. விடுதலையின் செய்தியை நான் விலங்கின் பெயரால் சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு பெரியம்மாவுக்கு இரட்சணிய யாத்திரிகம் என்ற கிறிஸ்தவக் காப்பியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுதிய கிருஷ்ண பிள்ளை எங்கள் பக்கத்துக்காரர். 1827இல் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். அவருக்கு முன்னாலேயே அவர் தம்பி கிறிஸ்தவராகிவிட்டார். 1894இல் வெளிவந்த அந்தக் காப்பியத்தின் நடுவே தேவாரப் பாடல்களின் சாயலில் இசைப்பாடல்கள் வரும். பெரியம்மா கதையை விட்டுவிட்டு அந்தப் பாடல்களை மட்டும் ராகம்போட்டுப் பாடிப் பார்த்தாள். “இவரு உருகியிருக்காருட்டி” என்றாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து பக்தியைப் பற்றிப் பேசியது அன்றுதான் முதல்தடவை. அவளுடைய மாணிக்கவாசகரை அன்று முழு மனதோடு கேட்டேன். நீங்களும் கேளுங்கள். அவர்கள் எதை நினைத்து அழுகிறார்கள், யாரிடம் வேண்டுகிறார்கள் என்று தெரியாமல் அவர்களிடம் சொல்ல உங்களுக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் இருக்கும்போது

இதுதான் நீளமான பகுதி. வருஷக்கணக்கில் போகும்.

எதற்கு முடியாது என்று சொல்லப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே யோசித்துக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றில் நின்றேன்: கும்பிடமாட்டேன், விபூதி பூசமாட்டேன், பிரசாதம் எடுக்கமாட்டேன். பிரசாதத்தைப் பற்றி விசுவாசிகளுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. சிலைக்குப் படைத்த உணவைப் பற்றிப் பேசும் முதலாம் கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தை வேதத்தில் வாசித்து உங்கள் மனச்சாட்சிப்படி முடிவெடுங்கள். எடுக்கமாட்டேன் என்றால் முகத்தைச் சுளிக்காமல், “நான் சாப்பிடறதில்ல சித்தி, வச்சிருங்க” என்று சொல்லுங்கள். அடுத்த நிமிடமே அவர் வீட்டு இட்லியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்.

பொட்டு அந்த மூன்றில் சேராது என்று இப்போது நினைக்கிறேன். கத்தோலிக்கப் பெண்கள் பலர் பொட்டு வைத்துக்கொண்டுதான் பூசைக்குப் போகிறார்கள். அம்மாவின் கண்ணுக்குப் பாழ்நெற்றி என்றால் சாவு. அதை நான் அவ்வளவு சுலபமாக அவள் முன் கொண்டுபோய் நிறுத்தியிருக்கக் கூடாது. உங்கள் சபை வேறு மாதிரி போதித்தால் குருவானவரிடம் பேசுங்கள். ஆனால் உங்கள் அம்மா எப்படிப்பட்டவள் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

நாங்கள் சைவம். மதம் மாறினால் பிள்ளை கறி மீன் தின்ன ஆரம்பித்துவிடும், நம் பாத்திரத்தில் தொடமுடியாது என்பது எங்கள் பக்கத்து வீடுகளில் உண்மையான பயம். நான் இன்றுவரை சைவம்தான். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் சுதந்திரம் என்றார்கள். அம்மாவின் அடுக்களைக்குள் போகும் சுதந்திரம் எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது. கிறிஸ்மஸுக்கு முட்டை சேர்க்காத கேக்கும், தனிப்பாத்திரத்தில் செய்த முந்திரிக்கொத்தும் வருஷா வருஷம் வீட்டுக்குப் போகும். முதல் சில வருஷம் டப்பா திறக்காமலேயே திரும்பி வந்தது. ஒரு வருஷம் காலியாக வந்தது.

குலதெய்வத்துக்கு நீங்கள் போகாத அன்று வீட்டில் ஏதாவது வேலை இருக்கும். தம்பியின் கைக்குழந்தையை நான் வைத்துக்கொண்டேன். வயசான ஆச்சி பயணம் செய்ய முடியாமல் இருந்தாள், அவளுக்குச் சோறு போட்டேன். அப்பாவின் திவசத்துக்கு நான் பிண்டம் வைக்கும் இடத்துக்குப் போகவில்லை, வாழைக்காய் நறுக்கினேன், பந்தி முடிந்ததும் இலை எடுத்தேன். இதையெல்லாம் ஒரு தந்திரமாகச் செய்யாதீர்கள். செய்தால் வீட்டார் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் நம் சொந்தம், அதனால் செய்கிறோம். அவர்கள் கடைசிவரை விசுவாசத்துக்கு வராமல் போனாலும் வாழைக்காய் நறுக்கத்தானே வேண்டும்.

சித்தப்பா வீட்டுக்கும் அந்த 1990லேயே போனேன். பங்கு கேட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிட்டார். “உங்க மேல இருந்த கோபத்த விட்டுட்டேன் சித்தப்பா, அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வீட்டையும் தரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது தோற்றுப்போனது மாதிரி இருந்தது. ஆனால் நான் போனது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

நண்பர்கள்

நண்பர்களிடம் சொல்வது இதைவிடச் சுலபம். அவர்களுக்கு நம் நெற்றியும் சாப்பாடும் பொருட்டில்லை.

மனக்கஷ்டத்தைச் சொல்கிறவரிடம், “உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். முப்பது வருஷத்தில் என்னிடம் வேண்டாம் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. சரி என்றால் அங்கேயே, சாதாரணக் குரலில், நாலு வரி. தலையில் கை வைக்காதீர்கள். சத்தம் போடாதீர்கள். கட்டாயம் குணமாகும், வேலை கிடைக்கும் என்று கடவுள் பெயரில் வாக்குக் கொடுக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது பெரிய பாவம், அந்தப் பேச்சே வேண்டாம். பத்து நாள் கழித்து, “அந்த விஷயம் என்னாச்சு?” என்று மறக்காமல் விசாரியுங்கள். நீங்கள் உண்மையாகவே ஜெபித்தீர்கள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும்.

வேதம் கேட்டால் முழு வேதாகமத்தையும் கையில் கொடுத்துவிடாதீர்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நின்றுபோனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்கு சுவிசேஷம் பதினாறே அதிகாரம், இரண்டு சாயங்காலத்தில் வாசித்துவிடலாம். நம் சபைகளில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது. அதன் அழகு நமக்குத் தெரியும், புதிதாக வாசிப்பவருக்கு ‘கடவது’, ‘உண்டாவதாக’ எல்லாம் முள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அவர்களுக்குச் சுலபம்.

கூட வேலை பார்த்த ஒரு டீச்சர், எங்கள் சேகரத்து அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, வரலாமா என்று தானே கேட்டாள். எல்லாச் சாதியும் தரையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கவேண்டும் என்றாள். அழைத்துப் போனேன். ஆலயத்துக்கு யாரையாவது அழைத்துப்போனால் முன்கூட்டியே எல்லாம் சொல்லிவிடுங்கள்: செருப்பை எங்கே விடுவது, எப்போது எழுந்து நிற்பது, காணிக்கைப் பை வந்தால் போடவேண்டியதில்லை, அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போகும்போது நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். நாமும் அன்று எழுந்து போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்குக் கூச்சம் இருக்காது. அன்று அந்த டீச்சர் கேட்ட கேள்வி, “சாப்பிடும்போது சரி, கல்யாணத்துக்கும் இதே வரிசைதானா?” நம் சபைகளில் சாதி இருக்கிறது, அது பாவம், அதற்கு எங்களிடம் பதில் இல்லை என்று சொன்னேன். பூசி மெழுகியிருந்தால் அவள் அப்புறம் என்னிடம் எதையும் கேட்டிருக்கமாட்டாள்.

பேசக் கூடாத இடங்கள்

என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் ஒருநாளும் விசுவாசத்தைப் பற்றிப் பேசியதில்லை. மார்க் போடும் கை என்னுடையது. அவர்களால் எனக்கு ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. ‘இல்லை’ சொல்ல முடியாதவரிடம் பேசாதீர்கள்: உங்களிடம் கடன் வாங்கியவர், வீட்டுவேலைக்கு வருகிறவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர். அவர்களுக்குப் பணமும் சோறும் துணையும் கொடுங்கள், மௌனமாக ஜெபியுங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு தன் மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனக்கு அதில் சங்கடமில்லை. மனசை மாற்றுவது நம் வேலை என்று எந்த சுவிசேஷமும் சொல்லவில்லை.

பட்டியல் சாதியைச் சேர்ந்த நண்பர் ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டால், 1950ஆம் ஆண்டு ஆணைப்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிக்கான இடஒதுக்கீட்டுச் சலுகை போய்விடும், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் வருவார் என்பதை உட்காரவைத்துச் சொல்லுங்கள். அவர் பிள்ளைகளின் படிப்பும் வேலையும் அதில் இருக்கிறது. இதை மறைத்து ஒருவரைத் தண்ணீருக்குள் இறக்குவது துரோகம்.

கேட்கும் நாள்

முதலாம் பேதுரு 3:15இல் ஒரு வார்த்தையைப் பல வருஷம் கவனிக்காமல் இருந்தேன். ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்கிறார், அதுவும் ‘சாந்தத்தோடும் வணக்கத்தோடும்’. அவர்கள் கேட்கவேண்டும். கேட்கும்வரை பொறுக்கவேண்டும். இயேசுவின் சகோதரர்களே அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்.

கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பதினோரு வருஷம் சேர்த்து வைத்ததைக் கொட்டிவிட ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். “போதும்” என்றால் அந்த வார்த்தையோடு நிறுத்திவிட்டுக் காப்பி போடப் போங்கள்.

2001இல் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தேன், மணிக்கணக்குப் பார்த்துச் சொட்டு மருந்து விடவேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி, கட்டுப்போட்ட கண்ணோடு படுத்துக்கொண்டே கேட்டாள், “ஏட்டி, தெனமும் கண்ண மூடிட்டு என்னத்தச் சொல்லுத?”

“அன்னன்னைக்கு நடந்ததச் சொல்லுவேன். உனக்காகக் கேப்பேன். சித்தப்பாவுக்காகவும்.”

“அவனுக்குமா?” கொஞ்ச நேரம் பேசவில்லை. “நீ அவன் வாசல்ல போய் நின்னுட்டு வந்தியே, அப்பவே கேக்கணும்னு இருந்தேன்.”

என் ஒரு பக்கத்தை அன்று சொன்னேன். மூன்று நிமிடம்தான். அம்மா ‘ம்’ என்று மட்டும் சொன்னாள். மறுநாள் ராத்திரி, “அந்தப் பொஸ்தகத்துல எதையாவது படி, தூக்கம் வரல” என்றாள். லூக்கா பதினைந்தாம் அதிகாரம், இரண்டு பிள்ளைகளின் கதையை வாசித்தேன். ஊதாரிப் பிள்ளை திரும்பி வருகிறான், அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியிலேயே நிற்கிறான், அப்பா வெளியே வந்து அவனை வருந்தி அழைக்கிறார். கதை அங்கே முடிந்துவிடுகிறது.

அம்மா ஞானஸ்நானம் எடுக்கவில்லை. 2009இல் நெற்றியில் விபூதியோடுதான் போனாள். அந்த எட்டு வருஷமும் ராத்திரி போனில், “எனக்கும் சேத்துச் சொல்லிரு” என்பாள். ஆனால் அன்று வாசித்து முடித்ததும் அவள் கேட்டது இது:

“மூத்தவன் உள்ள போனானா?”

“அத எழுதலம்மா.”

“அப்பா இன்னும் வெளியதான் நிக்காரா?”

“ஆமா.”

கண்ணுக்கு மருந்து விடும் நேரமாகிவிட்டது. விட்டுவிட்டு விளக்கை அணைத்தேன்.